அயல்வீட்டு மகாநாயகர்

ஆண்டுதோறும் ஜூலை மாதம் 24-ஆம் தேதி வந்தால் வங்காளத்தில் ஒரு நடிகரின் நினைவு நாள் போற்றப்படுகிறது. அவர் மறைந்தது 1980-ஆம் ஆண்டில். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட பின்னரும் அந்த நாளில் அவருடைய படத்திற்கு மாலை சூட்டப்படுகிறது. அவருடைய பழைய சித்திரங்கள் மீண்டும் திரையிடப்படுகின்றன. மேற்கு வங்க அரசு 2012-ஆம் ஆண்டில் அவர் பட்டப்பெயரால் 'மகாநாயக் சம்மான்' என்னும் விருதை ஏற்படுத்திற்று. அதற்கு முன்பே, 2009-இல், டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சால்ட் லேக்கில் வாழும் நாம் செக்டார் ஐந்தில் ரயிலேறி, எஸ்பிளனேடில் மாறித் தெற்கே சென்றால் அவர் பெயரைத் தாங்கிய அந்த நிலையத்தில் இறங்கலாம். ஆயினும் அந்தப் பெயருக்குரியவர் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் வினவினால், "வங்காள சினிமா நடிகர்" என்பதற்கு மேல் விடை கூற வல்லவர் நம்முள் எத்தனை பேர்?

சிவாஜி கணேசன் அவர்களின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் தாத்தாக்கள் நம் இல்லங்களில் உண்டு. எம்.ஜி.ஆர். பாடல்களைக் கேட்டபடி சமையல் செய்யும் பாட்டிமார் உண்டு. நாம் வந்து குடியேறிய ஊரோ மற்றொரு மாபெரும் நடிகரைத் தன் நெஞ்சில் வைத்துப் போற்றுகிறது. அவரைப் பற்றி நம் நேயர்களுக்குச் சில செய்திகள் கூற இம்மாதம் முற்பட்டோம். அவர்தாம் உத்தம் குமார்.

1926-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி, வட கல்கத்தாவின் அகிரிதோலாவில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அருண் குமார் சட்டர்ஜி. தந்தையார் சாத்கொடி சட்டர்ஜி, சௌரங்கியில் இருந்த மெட்ரோ சினிமாவில் படம் ஓட்டும் ஆப்பரேட்டர். அமெரிக்காவின் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியார் தங்கள் படங்களைக் காட்டுவதற்காகவே 1935-இல் திறந்த கொட்டகை அது. தந்தை ஒளி பாய்ச்சும் அறையில் நின்று அயல்நாட்டு நாயகர்களைத் திரையில் ஏற்றினார். மகன் பின்னாளில் தானே திரையில் ஏறினார்.

நடுத்தரக் குடும்பங்களின் வழக்கப்படி அருண் குமாருக்கும் முதலில் வாய்த்தது குமாஸ்தா உத்தியோகமே. வணிகக் கல்லூரியில் சேர்ந்த படிப்பு முற்றுப்பெறவில்லை. அந்நாளைய கல்கத்தா துறைமுக டிரஸ்டில் எழுத்தராக அமர்ந்தார். நாடகப் பித்து மட்டும் விடவில்லை. முதலில் நடித்த 'மாயாடோர்' வெளிவரவே இல்லை. நிதின் போஸ் இயக்கிய 'திருஷ்டிதான்' 1948-இல் வெளிவந்தது. அதன் பின்னர் நடித்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோல்வி கண்டன. ஸ்டுடியோவுக்குள் அவர் நுழையும்போது 'பிளாப் மாஸ்டர் ஜெனரல்' வருகிறார் என்று சக நடிகர்கள் ஏளனம் செய்தார்களாம். பெயரை மாற்றிப் பார்த்தார். அதனாலும் உடனே பயன் விளையவில்லை.

இந்த இடத்தில் நம் நேயர்கள் ஓர் ஒப்பீட்டைச் செய்து பார்க்கலாம். 1952-ஆம் ஆண்டில் 'பராசக்தி' வெளிவந்தது. முதற் படத்திலேயே சிவாஜி கணேசன் தமிழகம் முழுவதற்கும் தெரிந்தவரானார். அதே 1952-இல் நிர்மல் டேயின் 'பசு பரிவார்' வெளிவந்து, நான்கு ஆண்டுகள் தோல்வியையே கண்டிருந்த உத்தம் குமாருக்கு முதல் வெற்றியைத் தந்தது. சிவாஜியும் பல ஆண்டுகள் நாடக மேடையில் உழன்ற பின்னரே திரைக்கு வந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. ஒருவருடைய பயிற்சிக் காலம் மேடைத் திரைக்குப் பின்னால் கழிந்தது. மற்றவருடைய பயிற்சிக் காலம் காசு கொடுத்துப் படம் பார்த்தவர்களின் கண்ணெதிரே கழிந்தது. இரண்டாவது வழி கொடியது. அதைத் தாங்கிக்கொண்டு நின்றதே அவருடைய முதல் திறமை என்று நாம் கருதுகிறோம்.

1953-இல் வெளிவந்த 'ஷாடே சுவாத்தர்' என்னும் நகைச்சுவைச் சித்திரத்தில் அவரும் சுசித்ரா சென்னும் முதன்முதலாக ஒருங்கே தோன்றினர். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கும் ஒரு மெஸ்ஸில் நடக்கும் கதை அது. மெஸ்ஸின் சொந்தக்காரராக நடித்த துள்சி சக்கரவர்த்தியே அந்தப் படத்தின் உயிர் என்று இன்றும் வங்காளிகள் கூறுவர். மறு ஆண்டு வந்த 'அக்னி பரீட்சை' இந்த ஜோடியை நிலைநிறுத்தியது. ஏறக்குறைய முப்பது படங்களில் இருவரும் இணைந்து நடித்தனர். ஹேமந்த முகர்ஜியின் குரல் உத்தம் குமாரின் குரலாகவே மக்களுக்குத் தோன்றியது. நம் நாயகர்களுக்கு டி.எம். சௌந்தரராஜன் அமைந்ததைப் போல என்று சொன்னால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும்.

'அக்னி பரீட்சை' ஆஷாபூர்ணா தேவியின் கதை. குழந்தைப் பருவத்தில் நடந்த மணத்தை மறுத்து வளர்ந்த பெண், பின்னர் ஒருவரை விரும்ப, அவரே பழைய கணவர் என்று தெரியவரும் கதை. 'எங்கேயோ பார்த்திருக்கிறோமே' என்று நம் மூத்த தாய்மார்கள் நினைக்கக்கூடும். பார்த்துத்தான் இருக்கிறார்கள். 1959-இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த 'மஞ்சள் மகிமை' இந்தக் கதையேதான்.

வங்கத்துக்கும் தமிழகத்துக்கும் இடையில் இவ்வாறு கதைகள் பயணம் செய்ததை ஆராய்ந்தால், இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒருவர் நிற்பதைக் காணலாம். அவர் ஹாலிவுட் நாயகர் ரொனால்ட் கோல்மன். 1891-இல் இங்கிலாந்தில் பிறந்த இவர் முதல் உலகப் போரில், 1914-இல், மெஸ்ஸீன் களத்தில் காலில் காயமுற்றார். அந்த ஊனத்தைத் தம் நடையில் வெளிக்காட்டாமலே வாழ்நாள் முழுவதும் நடித்தார். அமெரிக்கா சென்று மௌனப்பட நாயகரானார். பேசும் படம் வந்தபோது பல மௌன நட்சத்திரங்கள் குரல் வாய்க்காமல் மறைந்தனர். கோல்மனுக்கோ அவருடைய மென்மையான குரலே பெருஞ் செல்வமாயிற்று. உரக்கப் பேசாமல், கண்ணாலும் அடக்கத்தாலும் காதலையும் துயரையும் உணர்த்துவது அவர் பாணி. உத்தம் குமாரின் பாணியும் ஏறக்குறைய அதுவேயாகும்.

கோல்மன் 1942-இல் நடித்த 'ராண்டம் ஹார்வெஸ்ட்' மெட்ரோ கோல்ட்வின் மேயர் தயாரிப்பு. நினைவிழந்த போர்வீரன் ஒருத்தியை மணக்கிறான். பழைய நினைவு திரும்பியதும் அவளை மறந்துவிடுகிறான். அவள் அவனிடமே பணிபுரியும் பெண்ணாக வந்து காத்திருக்கிறாள். இந்தக் கருவிலிருந்து எழுந்ததே அஜய் கர் இயக்கத்தில் உத்தம் குமார் தாமே தயாரிப்பில் ஈடுபட்டு நடித்த 'ஹாரானோ சுர்' (1957). அதற்கு ஓராண்டு முன்னர் இதே கருவின் சாயல் சென்னையிலும் படமாயிற்று. சிவாஜியும் சாவித்திரியும் பத்மினியும் நடித்த 'அமர தீபம்' அது.

கோல்மன் 1937-இல் 'பிரிஸனர் ஆப் ஜெண்டா'வில் மன்னனாகவும் மன்னனை ஒத்த அயலானாகவும் இரட்டை வேடம் பூண்டார். அந்தோணி ஹோப் எழுதிய நாவலை சரதிந்து பந்தோபாத்யாய் வங்க மண்ணுக்கேற்ப மாற்றி எழுதினார். தபன் சின்ஹா அதை 'ஜிந்தேர் பந்தி' (1961) என்று படமாக்கினார். இரட்டை வேடம் உத்தம் குமாருக்கு. கொடியவன் வேடம் சௌமித்ர சட்டர்ஜிக்கு. இங்கும் தமிழகம் முந்திக்கொண்டது. எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கி இரு வேடங்களில் நடித்த 'நாடோடி மன்னன்' 1958-இல் வெளிவந்துவிட்டது.

'நாடோடி மன்னன்' பிறந்த கதையில் கல்கத்தாவுக்கும் இடமுண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1939-இல் வெளியான 'மாயா மச்சீந்திரா'வில் நடிப்பதற்காக எம்.ஜி.ஆர். கல்கத்தாவில் தங்கியிருந்தார். சென்னையில் வசதியான ஸ்டுடியோக்கள் பெருகாத அந்த நாட்களில் தமிழ்ப் படங்கள் பல இந்நகரில்தான் தயாராயின; பாகவதரின் 'அம்பிகாபதி'யும் (1937) இங்கே ஈஸ்ட் இந்தியா ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டதே. இங்கு இருந்தபோது எம்.ஜி.ஆர். பார்த்த ஆங்கிலப் படம் 'இப் ஐ வேர் கிங்'. அதன் நாயகரும் ரொனால்ட் கோல்மனே. நான் மன்னனானால் என்ன செய்வேன் என்று ஓர் ஏழைக் கவிஞன் பேசுவது அப்படத்தின் கரு. அந்தப் பேச்சே தம் உள்ளத்தில் விதையாக விழுந்தது என்று எம்.ஜி.ஆர். பின்னர் கூறியிருக்கிறார். சிறு வேடங்களில் நடித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் இளைஞர், பிழைப்புக்காக வந்த அயலூரில் பார்த்த ஒரு படம், இருபதாண்டு கழித்து அவர் வாழ்வையே மாற்றியமைத்தது. கோல்மன் 1958 மே மாதம் 19-ஆம் தேதி காலமானார். ஆகஸ்டில் 'நாடோடி மன்னன்' வெளிவந்தது.

இன்னும் ஒன்று. நாடக நடிகன் ஒருவன் ஒதெல்லோ வேடத்தில் தன்னையே இழந்துவிடும் கதையான 'ஏ டபிள் லைப்' (1947) கோல்மனுக்கு ஆஸ்கர் பரிசு பெற்றுத் தந்தது. தாராசங்கர் பந்தோபாத்யாயின் கதையான 'சப்தபதி'யில் (1961) உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் கல்லூரி மேடையில் ஒதெல்லோ நாடகம் நடிக்கின்றனர்; அக்காட்சிக்கு ஆங்கிலக் குரல் கொடுத்தவர்கள் உத்பல் தத்தும் ஜெனிபர் கெண்டலும். 'இரத்தத் திலகம்' (1963) படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் அதே ஒதெல்லோவைக் கல்லூரி மேடையில் நடித்ததை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். ஷேக்ஸ்பியர் எல்லோருக்கும் பொதுச்சொத்தாதலால் இதை யார் யாரைப் பின்பற்றியது என்று வழக்காட வேண்டியதில்லை. ஒரு காலத்து நாயகர்கள் எந்தச் சோதனையில் தங்களை உரைத்துப் பார்த்தார்கள் என்பதை இது காட்டுகிறது.

'சப்தபதி' வெளிவந்த 1961-இல் நாம் இன்று வாழும் இந்தச் சால்ட் லேக் உப்புநீர் தேங்கிய சதுப்பாகவே கிடந்தது. டாக்டர் பிதான் சந்திர ராயின் முயற்சியால் 1962 ஏப்ரல் 16-ஆம் தேதி வேலை தொடங்கிற்று. யுகோஸ்லாவியக் கம்பெனி ஒன்று ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய்வழியே கொணர்ந்து இங்கே கொட்டி மேடாக்கியது. ஆகவே உத்தம் குமார் புகழின் உச்சியில் இருந்தபோது நம் வீதிகள் இல்லை. நம் வீடுகளின் கீழே உள்ள மண் ஆற்றின் அடியில் இருந்தது. இந்நகரில் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் வந்தேறியவரே என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

நடிகராக வென்ற உத்தம் குமார் தயாரிப்பாளராகவும் துணிந்தார். அவர் தயாரித்த 'உத்தர் பால்குனி' (1963) பின்னர் இந்தியில் 'மம்தா' என்றும், தமிழில் சௌகார் ஜானகி நடிக்க, கே. பாலசந்தர் இயக்கத்தில் 'காவியத் தலைவி' (1970) என்றும் வந்தது. எல்லாத் துணிவும் பலிக்கவில்லை. தம் 'அக்னி பரீட்சை'யை இந்தியில் 'சோட்டி ஸி முலாகாத்' (1967) என்ற பெயரில் வைஜயந்திமாலாவுடன் தாமே எடுத்தார். பெரும் நஷ்டம். சென்னையில் நல்ல கதையாக ஏற்கப்பட்டது பம்பாயில் ஏற்கப்படவில்லை. அந்தக் கடனும் கவலையும் அவர் உடல்நலத்தைப் பாதித்தன.

அவருடைய நடிப்பின் சிகரம் எது என்று வங்காளிகளைக் கேட்டால் பலர் 'நாயக்' (1966) என்பர். சத்யஜித் ராய் அவரை மனத்திற் கொண்டே எழுதிய கதை. பிரபல நடிகர் ஒருவர் விருது பெறக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு ரயிலில் செல்கிறார். உடன் பயணம் செய்யும் பத்திரிகைப் பெண்ணாக சர்மிளா தாகூர். அவளிடம் பேசப் பேச நாயகரின் பயங்கள் வெளிப்படுகின்றன. ரூபாய் நோட்டுக் குவியலில் அவர் மூழ்கிப்போகும் கனவுக் காட்சி ஒன்று உண்டு. உதவிக்கு ஆள் இருந்தும் கை கிடைக்கவில்லை. நட்சத்திரமாக வாழ்ந்துகொண்டிருந்த ஒருவர், நட்சத்திர வாழ்வின் வெறுமையைத் தம் முகத்தாலேயே காட்ட ஒப்புக்கொண்டது சிறிய காரியமன்று.

ஆனால் நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தோர் அறிய வேண்டிய படம் வேறொன்று என்பது எமது கருத்து. அது 'அந்தோணி பிரிங்கி' (1967). போர்ச்சுகீசிய வம்சத்தில் தோன்றிய ஹென்ஸ்மன் அந்தோணி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்க மொழியை ஐயந்திரிபறக் கற்று, மேடையில் உடனுக்குடன் பாட்டுக் கட்டி வாதாடும் கவியாளராக விளங்கியவர். போபஜாரில் உள்ள பிரிங்கி காளிபாரியை அவர் பெயரோடு இணைத்துப் பேசுவது இந்நகர மரபு. எதிர்க்கட்சிக் கவியாளர்கள் அவர் பிறப்பையும் உடையையும் எள்ளிப் பாடினர். அவரோ அவர்கள் மொழியிலேயே, அவர்கள் இலக்கணத்திலேயே மறுமொழி பாடினார். அயலானாக வந்து மொழியால் சொந்தக்காரரான ஒருவரின் வேடத்தை உத்தம் குமார் ஏற்றார். மன்னா டே பின்னணி பாடினார்.

இந்தப் படத்திற்கும் 'சிடியாகானா'வுக்கும் சேர்த்து அவருக்கு நாட்டின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. 1967-ஆம் ஆண்டுப் படங்களுக்காக 'பரத்' என்னும் பெயரால் அந்த விருது வழங்கப்பட்டது அதுவே முதல் தடவை. அதே 'பரத்' விருது 'ரிக்ஷாக்காரன்' (1971) படத்திற்காக எம்.ஜி.ஆருக்குக் கிடைத்ததை நாம் அறிவோம்.

அவர் தம் தொழிலாளரை மறக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். வறுமையுற்ற கலைஞர்களுக்கு உதவ 1968-இல் 'சில்பி சம்சத்' என்னும் அமைப்பு தோன்ற முன்னின்றார். அதன் நிதிக்காக 'பன் பலாஷிர் பதாவலி' (1973) என்னும் படத்தை இயக்கினார். 1975-இல் சுந்தரவனத்தில் எடுக்கப்பட்ட 'அமானுஷ்' வங்காளியிலும் இந்தியிலும் வெளிவந்தது; இந்தியில் தோற்றவர் என்ற பழி அதனால் நீங்கிற்று. பொய்ப் பழியால் குடிகாரனாகி ஒதுங்கி வாழும் ஜமீன் வாரிசின் கதை அது. 1978-இல் அதே வேடத்தைத் தமிழில் ஏற்றவர் சிவாஜி கணேசன், படம் 'தியாகம்'. வங்கத்தின் நாயகரையும் தமிழகத்தின் நாயகரையும் ஒரே பாத்திரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்பும் ரசிகருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

1980 ஜூலையில் 'ஓகோ பது சுந்தரி' படப்பிடிப்பின்போது அவர் நோயுற்றார். 'மை பேர் லேடி'யைத் தழுவிய கதை. தெருவில் திரியும் பெண்ணுக்கு நல்ல பேச்சுப் பழக்கும் ஆசிரியர் வேடம். 24-ஆம் தேதி மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது ஐம்பத்துமூன்று. தெருவெல்லாம் மக்கள் திரண்டு அழுதனர். படம் மறு ஆண்டு வெளிவந்தது.

இத்தனையும் கூறியது சினிமா மோகத்தை வளர்க்க அன்று. நம் குடும்பங்களில் ஒரு விஷயத்தைக் கண்டு கவலை கொள்கிறோம். பல ஆண்டுகளாக இங்கே குடியிருந்தும் நம் பெரியோர் சிலர் அயல்வீட்டாருடன் காய்கறி விலையும் மழையும் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. பிள்ளைகளோ பள்ளியில் வங்காளி பேசி, வீட்டில் தமிழில் தயங்குகின்றனர். இரு தலைமுறைக்கும் நடுவே ஒரு சுவர் எழுகிறது. ஊரோடு ஒட்டாத தாத்தாவும் தாத்தாவோடு ஒட்டாத பேரனும் ஒரே வீட்டில் தனித்தனியே வாழும் நிலை வந்துவிடலாகாது. வேற்றூரில் பிழைப்பவர்க்கு அந்த ஊர் மொழி வேண்டும். தம் மொழியும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்க வேண்டியதில்லை என்பதற்கு அந்தோணிக் கவியாளரே சாட்சி. வங்கம் அவரைத் தன் கவியாக ஏற்றது. பிரிங்கி என்ற பெயரையும் அவரோடு விட்டுவைத்தது.

ஆதலால் நம் நேயர்களுக்கு ஒரு யோசனை கூறுகிறோம். வரும் ஞாயிறுகளில் ஒன்றில், மாடி வீட்டு வங்காளிக் குடும்பத்தாரை அழைத்து, 'அமானுஷ்' படத்தையும் 'தியாகம்' படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வங்கப் படத்தின் பேச்சைப் பேரன் தாத்தாவுக்குத் தமிழில் சொல்லட்டும். தமிழ்ப் படத்தின் பேச்சைத் தாத்தா சொல்ல, பேரன் அதை அயலாருக்கு வங்காளியில் சொல்லட்டும். சொல் கிடைக்காமல் இருவரும் திணறும் இடங்கள் வரும். அங்கேதான் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். மெஸ்ஸில் தங்கி செக்டார் ஐந்தில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் 'ஷாடே சுவாத்தர்' படத்திலிருந்து தொடங்கலாம். தங்கள் மெஸ்ஸையே அதில் காண்பார்கள். உத்தம் நன்றாக நடித்தாரா, சிவாஜி நன்றாக நடித்தாரா என்ற விவாதம் நிச்சயம் எழும். எழட்டும். தேநீர் வேளைக்குள் தீர்ந்துவிடாத விவாதமாக அது இருக்குமானால், மறு ஞாயிறும் இரு குடும்பங்களும் சந்திக்க ஒரு காரணம் கிடைக்கும்.